பைனஸ் மரம் சிவக்கிறதா? அறிகுறியை வைத்து வெளிநாட்டுப் பூச்சியைக் கண்டுபிடிக்கும் வழி

ஹந்தானை, எல்ல, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கங்களில் பைனஸ் மரம் ஒன்று சிவந்து நின்றால், "வெயிலுக்குக் காய்ந்துவிட்டது", "தீப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது உண்மைதான். உண்மையில்லாத அந்தச் சில மரங்களை எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிசின் எடுக்கப் போகிறவர்கள், வனக் காவலர்கள், தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர்கள், பைனஸ் ஓரத்தில் விறகு பொறுக்குகிறவர்கள், யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். சொல்லப்போனால் பிசின் எடுப்பவர்தான் இதற்கு முதல் ஆள். ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அதன் பட்டையைத் தொட்டுப் பார்ப்பவர் அவர் மட்டும்தான்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் எந்தப் பைனஸ் இனமும் இயற்கையாக வளர்ந்ததில்லை. இங்கே அதிகம் நிற்பது மத்திய அமெரிக்கா, கரிபியன் பகுதிகளைச் சேர்ந்த பைனஸ் கரிபியா. உயரமான குளிர்ப் பகுதிகளில் மெக்சிக்கோவின் பைனஸ் பட்டூலாவும் உண்டு. மானாப்புல் மண்டிய பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் இவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள். ஆகவே பைனஸை மட்டுமே தின்று வாழும் பூச்சி ஒன்று இங்கே கண்ணில் பட்டால், அது வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கறையானும், செத்த மரம் எதையும் துளைக்கும் வண்டுகளும் அப்படியல்ல. பைனஸ் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவை. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது எதையும் தின்னும் நம்மூர்ப் பூச்சியா, பைனஸையே தேடி வந்த பூச்சியா?

கையில் கவ்வாத்துக் கத்தி ஒன்று, பூதக்கண்ணாடி, மில்லிமீற்றர் குறித்த அடிமட்டம், மூடியுள்ள சின்னப் போத்தல்கள், ஸ்பிரிட், பென்சில், கைத்தொலைபேசி இருந்தால் போதும். வனத் திணைக்களத்துக்குச் சொந்தமான காட்டில் பட்டை உரிப்பதற்கும் மரம் வெட்டுவதற்கும் முன்னால் அந்தப் பகுதி வன அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். செத்த மரத்தின் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது கிளை விழலாம். குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

மரம் முழுக்க மஞ்சளாகி, சிவந்துவிட்டது

மரத்தடிக்குப் போகாதீர்கள், முதலில் எதிர்மலைக்குப் போங்கள். சமவெளியில் காடு வளர்ப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது; மேலிருந்து பார்க்க அவர்களுக்கு விமானமோ ட்ரோனோ வேண்டும். நமக்கு எதிரே இருக்கும் தேயிலை மலையில் ஏறி நின்றாலே காடு முழுவதும் விரிந்து தெரியும். சிவந்த மரங்கள் எப்படிப் பரவி நிற்கின்றன என்று பார்த்து, அதே இடத்தில் நின்று மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பல கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லிவிடும்.

தீப்பட்ட மரத்தில் கீழ்க்கிளைகள்தான் முதலில் கருகும், உச்சி கடைசி வரை பச்சையாக இருக்கும். அடிப்பட்டையில் கரி ஒட்டியிருக்கும். ஊவாப் பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காற்றடிக்கும் வறட்சிக் காலத்தில் இது சாதாரணம். மின்னல் விழுந்த இடத்தில் நடுவிலுள்ள மரத்தின் தண்டில் மேலிருந்து கீழாகப் பட்டை கிழிந்த நீண்ட தடம் இருக்கும். சுற்றியுள்ள மரங்களும் வட்டமாகச் சாகும். வறட்சி என்றால் மண் மெலிந்த முகடுகளும் பாறை விளிம்புகளும் முதலில் வாடும்.

இந்த மூன்றுக்கும் பொருந்தாத இரண்டு தோற்றங்கள் உண்டு. ஒன்று, பக்கத்துப் பக்கத்து மரங்கள் கூட்டமாகச் சிவந்து, அடுத்த படத்தில் அந்தக் கூட்டம் ஓரங்களில் பெருத்திருப்பது. இது பட்டை வண்டின் போக்கு. மற்றது, நெருக்கமாக நட்டு ஐதாக்காமல் விட்ட காட்டில், வெளிச்சம் கிடைக்காமல் மெலிந்த மரங்கள் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாடுவது. நெரிசலில் மெலிந்த மரம் தானாகவும் சாகும் என்பது உண்மைதான். ஆனால் சைரெக்ஸ் எனும் மரக்குளவி தேடிப் போவதும் அதே மரங்களைத்தான். அதனால் இந்த இரண்டாவது தோற்றத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. எனக்குப் பெரிய கவலை இதுதான்.

தோற்றம் எதுவானாலும், பாதி வாடிய மரத்தை ஆராய்ச்சிக்கு எடுங்கள். முழுக்கச் சிவந்து ஊசியிலை கொட்டிய மரத்தில் கொன்ற பூச்சி கிளம்பிப் போயிருக்கும், செத்த மரத்துக்கு வரும் பூச்சிகள் குடியேறியிருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுக் கொலையாளி என்று முடிவெடுத்தால் தேடல் தவறான பக்கம் போய்விடும்.

உள்பக்க ஊசியிலை மட்டும் மஞ்சள், கிளைநுனி பச்சை

பயப்பட ஒன்றுமில்லை. பழைய ஊசியிலையை மரம் உதிர்க்கிறது. விட்டுவிடலாம்.

தண்டிலோ மரத்தடியிலோ தூள் கிடக்கிறது

பார்க்க வேண்டியது தூளின் நிறமும் பருமனும். காலை வெளிச்சத்தில், மழைக்கு முன்னால் போங்கள். ஒரு நல்ல மழை எல்லாத் தடயத்தையும் கழுவிவிடும். பட்டைப் பிளவுகளுக்குள்ளும் சிலந்தி வலைகளிலும் தேடினால் அங்கே கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

மாவுபோல் வெள்ளைத் தூள், சில வேளை துளையிலிருந்து குச்சியாக நீண்டு நின்றால், வண்டு பட்டையைக் கடந்து மரத்துக்குள் போயிருக்கிறது என்று பொருள். மத்திய மலைநாட்டுத் தேயிலையில் கிளை முறியக் காரணமான துளைப்பான் வண்டை அறிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. அதே வகை வேலைதான். மரத்தைத் தின்னாமல், துளைக்குள் பூஞ்சணம் வளர்த்து அதைத் தின்னும் கூட்டம் இது. இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் எந்த மரத்துக்கும் வருபவை. வாடிய பைனஸுக்கு வந்தால் அது சாவின் காரணம் என்பதைவிட விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் அலட்சியம் வேண்டாம். தேயிலைத் துளைப்பானுக்கு நெடுங்காலம் வழங்கிவந்த அறிவியல் பெயர், இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து 1868இல் சூட்டியதுதான். அதன் நெருங்கிய உறவுக் கூட்டம் இன்று கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாபிரிக்காவிலும் நகரத்து மரங்களையும் அவகாடோ தோட்டங்களையும் அழிக்கிறது. இங்கே அடங்கியிருக்கும் பூச்சி அங்கே போய் ஆட்டம் போடுகிறது என்றால், அங்கே அடங்கியிருப்பது இங்கே வந்து ஆட்டம் போடவும் முடியும்.

செங்கபிலத் தூள் என்றால் வண்டு பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலேயே வேலை செய்கிறது. பைனஸில் கவனிக்க வேண்டிய தூள் இதுதான். உடனே கத்தியை எடுங்கள். தூளுக்கு மேலே ஒரு கையகலப் பட்டையை மெதுவாக நெம்பித் திறந்து, உள்பக்கத்தையும் மரத்தின் மேற்பரப்பையும் பாருங்கள். இப்ஸ் எனும் பட்டை வண்டாக இருந்தால் நடுவில் ஒரு சிறு அறை இருக்கும். அங்கிருந்து இரண்டு, மூன்று, நான்கு நீண்ட பாதைகள் மரத்தின் நீளவாக்கில் பிரிந்து ஓடும். அந்தத் தாய்ப் பாதைகளுக்குள் தூள் அடைந்திருக்காது, பெரும்பாலும் துப்புரவாகவே இருக்கும். இருபுறமும் கிளைக்கும் மெல்லிய புழுப் பாதைகளில்தான் தூள் நிறைந்திருக்கும். வண்டு 3 முதல் 5 மில்லிமீற்றர் நீளம், பழுப்பு நிறம். பூதக்கண்ணாடியில் பின்புறத்தைப் பாருங்கள்: சரிவாகக் குழித்து, விளிம்பில் பக்கத்துக்குச் சில முட்கள் இருந்தால் அது இப்ஸாகவோ அதன் சொந்தமாகவோ இருக்கும். மாதிரி எடுத்தே தீர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்ஸ் கிராண்டிகொல்லிஸ் எனும் வட அமெரிக்க வண்டு 1943இல் தென் அவுஸ்திரேலியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. வெட்டிப் போட்ட கிளைகளிலும் மரத்துண்டுகளிலும் பெருகி, வறட்சியில் தளர்ந்த நிற்கும் மரங்களுக்கு ஏறும் பழக்கம் அதற்கு. வெப்பமான இடத்தில் ஒரே ஆண்டில் பல தலைமுறை முடித்துவிடும். ஆண்டு முழுக்கக் குளிர்காலம் என்று ஒன்று இல்லாத பதுளைச் சரிவுகளில் அதற்கு ஓய்வே இருக்காது.

பட்டைக்கடியில் மரம் நீலச் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் வண்டு சுமந்து வந்த பூஞ்சணம் அது. குறுக்கே வெட்டினால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கூம்பாக இறங்கியிருக்கும். நீலநிறம் மட்டும் எந்த வண்டு என்று சொல்லாது; பாதையின் வடிவம்தான் சொல்லும். அதனால் பட்டையின் உள்பக்கத்தைக் கட்டாயம் படம் எடுங்கள்.

தூளுக்குப் பதில் மண் பாதை ஏறியிருந்தால் கறையான். நாரும் சிராயுமாகப் பருத்த துகள் என்றால் நீள்கொம்பு வண்டின் புழு. அதற்கு அடுத்து வரும் துளைப் பகுதியைப் பாருங்கள்.

தண்டில் பிசின் வடிகிறது

பிசினுக்காகக் கீறிய முகம் இருக்கிறதா, முள்ளம்பன்றி கடித்த தடமோ கத்தி வெட்டோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இவை இருந்தால் வடிவதில் அதிசயமில்லை. கீறிய முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பட்டையைத் தட்டிப் பாருங்கள். காயத்தின் வாசனைக்குத்தான் பட்டை வண்டுகள் முதலில் வரும்.

காயமில்லாத பட்டையில், சோளப்பொரி அளவுக்குப் பிசின் கட்டி நின்று, நடுவில் ஒரு துளை இருந்தால், உள்ளே புகுந்த வண்டை மரம் பிசினால் தள்ளப் பார்த்திருக்கிறது. கட்டிக்குள் வண்டு செத்துக் கிடக்கிறதா என்று உடைத்துப் பாருங்கள். கிடந்தால் இந்த முறை மரம் வென்றிருக்கிறது. மாதிரியும் கைக்கு வந்துவிட்டது.

கட்டியாக இல்லாமல், தண்டின் நடுப்பகுதியில் சின்னச் சின்னப் பிசின் முத்துகள் மட்டும் சிதறியிருந்து, பக்கத்தில் தூள் எதுவுமே இல்லையென்றால் மரக்குளவி முட்டையிட்ட இடமாக இருக்கலாம். ஒரு முத்துக்கு அடியில் பட்டையைச் சீவி, மரத்தின் மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற துளையைத் தேடுங்கள். அதைச் சுற்றி மரநாரின் நீளவாக்கில் மெல்லிய பழுப்புக் கோடு ஓடினால் சந்தேகம் வலுத்துவிட்டது.

தண்டில் துளைகள் தெரிகின்றன

அடிமட்டத்தை வைத்து அளந்து, வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1, 2 மில்லிமீற்றர் அளவில் நிறையத் துளைகள் என்றால் மேலே சொன்ன வண்டுகள். ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில டி எழுத்தின் வடிவில் இருந்தால் பொன்வண்டுக் குடும்பம். முட்டை வடிவப் பெரிய துளை நீள்கொம்பு வண்டுடையது. இந்த இரண்டும் பெரும்பாலும் ஏற்கெனவே தளர்ந்த, செத்த மரத்துக்கு வருபவை.

கச்சிதமான வட்டம், உளியால் எடுத்ததுபோல் சுத்தமான விளிம்பு, ஒரே மரத்தில் 3 மில்லிமீற்றரிலிருந்து 7 மில்லிமீற்றர் வரை வெவ்வேறு அளவுகள், வெளியில் தூள் இல்லை: இப்படி இருந்தால் நின்று பாருங்கள். சைரெக்ஸ் நொக்டிலியோ வெளியேறும் துளை இப்படித்தான் இருக்கும். புழுக்கள் வெவ்வேறு பருமனில் வளர்வதால் துளைகளும் அளவில் வேறுபடுகின்றன.

நம் தோட்டங்களில் குளவி என்றாலே கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பூச்சிதான் நினைவுக்கு வரும். சைரெக்ஸ் அப்படிக் கொட்டாது, கூடும் கட்டாது. பெண் குளவியின் பின்புறம் நீண்டிருப்பது முட்டையிடும் ஊசி. உடல் உலோகம் போன்ற கருநீலம், கால்கள் மஞ்சள் கலந்த சிவப்பு, இடுப்பு ஒடுங்காமல் உருளையாக இருக்கும். ஆணின் வயிற்றில் நடுப்பகுதி செம்மஞ்சள். சின்னவை ஒரு சென்ரிமீற்றர்தான் இருக்கும், பெரியவை நாலு சென்ரிமீற்றர் வரை வளரும். முட்டையோடு சேர்த்து ஒரு நச்சுச் சளியையும் ஒரு பூஞ்சணத்தையும் மரத்துக்குள் செலுத்திவிடுகிறது. சளி மரத்தைத் தளர்த்துகிறது, பூஞ்சணம் மரத்தை உலர்த்துகிறது, அந்தப் பூஞ்சணம் படர்ந்த மரத்தில் புழு வளர்கிறது.

ஐரோப்பாவிலும் வட ஆபிரிக்காவிலும் சும்மா கிடந்த பூச்சி இது. 1900 அளவில் நியூசிலாந்துக்குப் போனது, 1952இல் தாஸ்மேனியா, 1980இல் உருகுவே, 1994இல் தென்னாபிரிக்கா. 1987 முதல் 1989 வரை தெற்கு அவுஸ்திரேலியப் பகுதியில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றது. தென்னாபிரிக்காவில் அது அதிகம் தாக்கிய மரங்களில் ஒன்று பட்டூலா, நுவரெலியாக் குளிரில் நாம் நட்ட அதே மரம்.

உறுதிப்படுத்த, அனுமதியோடு அந்த மரத்தை வீழ்த்தி ஒரு மீற்றர் துண்டுகளாக அறுக்க வேண்டும். பட்டைக்கடியில் தேடினால் கிடைக்காது. புழு மரத்துக்குள்ளே இருக்கும். துண்டைப் பிளந்தால், நெருக்கமாகத் தூள் அடைத்த வட்டப் பாதையின் முடிவில் வெண்மஞ்சள் புழு இருக்கும். அதன் வால் நுனியில் கருமையான ஒற்றை முள். இந்த முள்தான் அடையாளம். நீள்கொம்பு வண்டின் புழுவுக்கு அப்படி முள் கிடையாது. புழு கிடைக்காவிட்டால் துண்டை இறுக்கமான வலையால் மூடிய பீப்பாய்க்குள் போட்டு, அதே காட்டோரத்தில் வைத்து, வெளிவருவதைக் காத்திருந்து பிடிக்கலாம். மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

வந்தாலும் வழியில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தக் குளவியின் பெண்ணை மலடாக்கும் நுண்புழு ஒன்றை நியூசிலாந்தில் கண்டுபிடித்து, அதைப் பெருக்கித்தான் அவுஸ்திரேலியா நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து தேயிலையின் இலை சுருட்டும் புழுவை அடக்கிய நாடு நம்முடையது. இந்த வேலை நமக்குப் புதிதில்லை. ஆனால் அதெல்லாம் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பலிக்கும்.

கிளைநுனி மட்டும் வளைந்து காய்ந்திருக்கிறது

நுனியை வெட்டி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே குடைந்து, எச்சமும் பட்டு நூலும் பிசினும் கலந்திருந்தால் குருத்துத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு. உயிரோடு புழு இருந்தால் குருத்தோடு போத்தலில் போடுங்கள். குடைந்த தடமே இல்லாமல், செத்த ஊசியிலையின் அடியிலும் பழைய காயிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சண நோய், பூச்சி இல்லை. இளம் கன்றுகளில் இந்த இரண்டும் குழம்பும்; பிளந்து பார்க்காமல் சொல்லக் கூடாது.

ஊசியிலை அடியில் வெள்ளைப் பஞ்சு, அல்லது கிளையில் கரி படிந்த தோற்றம்

பஞ்சை ஊசியால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத செம்பழுப்புப் பூச்சிகள் குந்தியிருந்தால், பைனஸில் மட்டும் வாழும் பஞ்சு அசுவினியாக இருக்கலாம். 1960களில் கிழக்கு ஆபிரிக்காவின் பைனஸ் தோட்டங்களுக்குள் நுழைந்து குருத்துகளைக் காயவைத்தது இந்தக் கூட்டம்தான். ஒட்டுக் கிளைகளோடும் கன்றுகளோடும் பயணம் செய்யும் பூச்சி என்பதால் நாற்றுமேடைகளில் கட்டாயம் தேடுங்கள்.

கிளை கறுத்து, பிசுபிசுத்து, எறும்பு ஓடினால் மேலே கறுப்பு அசுவினி இருக்கும். எறும்பின் பாதையைப் பின்தொடர்ந்தால் போதும், அது நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும்.

தூள் இல்லை, துளை இல்லை, மரம் மட்டும் வாடுகிறது

நெஞ்சுயரத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பட்டையை மரம் தெரியும் வரை வெட்டியெடுத்து, மறுநாள் வந்து பாருங்கள். பக்கத்திலுள்ள நல்ல மரத்திலும் இதையே செய்யுங்கள். வறட்சிக் காலத்தில் எல்லா மரத்திலும் பிசின் குறைவாக இருக்கும், ஒப்பிடாமல் எதுவும் தெரியாது. நல்ல மரம் பிசின் விட்டு, வாடிய மரம் வறண்டே கிடந்தால், மரத்துக்குள் வாழும் பைனஸ் நுண்புழுவை நினைத்துப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவைச் சேர்ந்த இது ஜப்பானின் பைனஸ் காடுகளை நாசமாக்கி, 1999இல் போர்த்துக்கல்லில் கண்டுபிடிக்கப்பட்டது. மரத்துக்கு மரம் சுமந்து செல்வது நீள்கொம்பு வண்டுகள். வேர் அழுகலும் இதேபோல் காட்டலாம் என்பதால் அடிவேரையும் தோண்டிப் பாருங்கள். கண்ணால் முடிவுசெய்ய முடியாத ஒரே அறிகுறி இதுதான். மரச்சீவல் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். சீவலை ஸ்பிரிட்டில் போடாதீர்கள். ஈரம் போகாமல் பொலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் கொண்டுபோங்கள்.

சந்தேகப் பூச்சி கையில் கிடைத்துவிட்டது

வண்டு, குளவி, புழு எல்லாவற்றையும் ஸ்பிரிட் போத்தலில் போட்டு, இடம், உயரம், திகதி, மரத்தின் இனம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனை மை கரைந்துவிடும். பட்டையின் உள்பக்கம், துளை, தூள், எதிர்மலையிலிருந்து காடு என்று படங்கள் வேண்டும். முதலில் வனத் திணைக்களத்தின் பகுதி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பூச்சியின் பெயரை உறுதிப்படுத்தப் பேராதனைக்குப் பக்கத்துக் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் பயிர்ப் பாதுகாப்புச் சேவை இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் விவசாய ஆலோசனை இலக்கமான 1920க்கு அழைத்துக் கேட்கலாம்.

அதுவரை அந்த மரத்தின் விறகு எங்கேயும் போகக் கூடாது. லயத்து அடுப்புக்கானாலும் சரி, தொழிற்சாலைச் சூளைக்கானாலும் சரி, லொறியில் ஏற்றினால் பூச்சியை நாமே பக்கத்து மாவட்டத்துக்கு ஏற்றிவிட்டதாகும். வீழ்த்திய மரமிருந்தால் பட்டையை உரித்து அதே இடத்தில் போடுங்கள். பட்டை இல்லாமல் பட்டை வண்டு பெருக முடியாது. மருந்தடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பட்டைக்குள்ளும் மரத்துக்குள்ளும் இருப்பதை மருந்து தொடாது. ஓடைத் தண்ணீரைத்தான் தொடும்.

இன்னொரு வேலையும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டியும் பலகைத் தட்டும் பின்வாசலில் கிடந்தால் முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னமும், ஐபிபிசி (IPPC) எனும் எழுத்துகளும், நாட்டுக் குறியும், அதன் பக்கத்தில் எச்டி (HT), எம்பி (MB) போன்ற பதப்படுத்தல் குறி ஒன்றும் பதிந்திருக்க வேண்டும். எச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது; எம்பி என்றால் மீதைல் புரோமைட் வாயுவால் புகையூட்டியது. முத்திரை இல்லாத பெட்டியில் பட்டை ஒட்டியிருந்தால், தூள் கொட்டினால், கதிரை செய்ய எடுத்துப் போகாமல் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடைச் சேவைக்கு அறிவித்துவிடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை பெட்டியைப் பொலித்தீனால் மூடி, பைனஸ் காட்டுப் பக்கமில்லாத ஓர் அறையில் பூட்டி வைக்க வேண்டும்.